மாதிரிக்கு ஓர் அடி

அனுபவித்து எழுதியதற்கு மட்டும்தான் இணையத்தில் விலை கிடைத்தது. எழுதுகிறவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை, பட்ட அனுபவம் உண்மைதான் என்று பச்சையாக எரிந்தால்தான் எழுத்தை வாங்குவார்கள். புது நிறுவனம் ஒன்று, கணவனிடம் அடிபட்ட பெண்ணைப் பற்றி மாதிரி எழுதி அனுப்பச் சொன்னது. இலவச மாதிரி கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் என்று சிவகாமசுந்தரிக்குத் தெரியும். ஆனால் அவளை எழுதச் சொல்லி யாரும் கேட்டே பல மாதங்களாகிவிட்டன. எழுதுகிறவள் என்ற நினைப்பே அவளுக்குள் வற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ஒரே ஒரு அடி."

"என்ற கை வராது புள்ள," என்றான் கதிர்வேல். கல்யாணமானதிலிருந்து அவளை அதட்டிக்கூடப் பேசாதவன். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தட்டினான். பட்டை சிவப்பாகவே இருந்தது.

அவனுக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்கம்மா சொன்னது நெசந்தானுங்க. நீங்க ஒண்ணுக்கும் ஆகாத ஆளு."

அடுத்த அடியில் அலமாரியில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்தது. பட்டை பச்சையானதைக் காட்டி, "போதுமுங்க," என்றாள். அவன் அவள் முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தான்.

ரத்தம் காயுமுன் எழுதி அனுப்பினாள். அவள் எழுதியதிலேயே நல்லது அதுதான். மறுநாள் அந்த நிறுவனமே இணையத்தில் இல்லை.

"ஏமாத்திட்டாங்க," என்று அவள் சொன்னபோது கதிர்வேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அழுவான் என்று எதிர்பார்த்தாள். ஆனால் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவனைப் போல அவன் முகம் தெளிந்திருந்தது.

"போனாப் போவுது," என்றான். "வேற யாராச்சும் கேப்பாங்க, தேடிப் பாரு புள்ள. நானிருக்கேனல்ல."