லண்டனுக்குப் போகும் கல்

மூதூர்க் கரையில் கிடந்த கறுப்புக் கல்லைப் பேராசிரியர் அருளம்பலம் கைக்குழந்தையைப்போல் தூக்கினார்.

"இது இந்தியாவில, காக்கிநாடாப் பக்கத்துக் கல். இங்க எப்பிடி வந்தது தெரியுமோ?"

"ஓம் ஐயா, அது வந்து..." என்றார் படகோட்டி அபூதாஹிர்.

"உமக்கென்ன தெரியும்? ரெண்டு கரையும் ஒட்டிக் கிடக்கேக்க, கோடி வருசத்துக்கு முன்னம் வந்தது. லண்டன் மாநாட்டுக்குப் போற கல். கதையை விட்டிட்டுக் கவனமாத் தூக்கும்."

தூக்கினார். மூன்றுதரம் வாய் திறந்தார். மூன்றுதரமும் பேராசிரியர் பாடம் நடத்தினார்.

வீட்டில் அபூதாஹிரின் வாப்பா பாயில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அபூதாஹிர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாப்பா, இங்க மரம் ஏத்த வெறுந்தோணி கொண்டு வரேக்க, அது ஆடாமலிருக்கக் காக்கிநாடாவில கல்லேத்தி வந்து கரையில எறிஞ்சனீங்களே, ஞாபகமிருக்கா?"

"ஓம். அதுக்கென்ன?"

"அது கோடி வருசத்துக்கு முன்னமாம். உங்களுக்கு இப்ப எத்தினை வயசு?"