ஆளைத் தள்ளிய குதிரை

"அது மட்டும் வேண்டாம் சார். மத்த எந்தக் குதிரையை வேணாலும் எடுத்துக்குங்க."

வழிகாட்டிப் பெண், லாயத்தின் கடைசித் தடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு செம்பழுப்புக் குதிரை, போட்ட புல்லைத் தொடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

குதிரையில் ஊர் சுற்றிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்து, சற்றுமுன்தான் வேனிலிருந்து இறங்கியிருந்த ஆறு பேரில் ஐந்து பேர், ஆளுக்கொரு குதிரையைப் பிடித்துவிட்டார்கள். பருமனான ஓர் அம்மாள், தன்னைச் சுமக்கப்போகும் குதிரையிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது ஆளான மருந்துக்கடைக்காரர் மட்டும் யாரோடும் பேசவில்லை. படிவத்தில் பாதிக் கட்டங்களை நிரப்பாமலே கொடுத்துவிட்டு, நேரே இங்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்கு என்ன?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன வருஷம்வரை இங்கே வழிகாட்டியாக இருந்தது அவளுடைய அண்ணன். ஒருநாள் விருந்தாளிகளோடு மலைச் சரிவில் இறங்கும்போது இந்தக் குதிரை திடீரென்று மிரண்டு அவனைத் தூக்கி எறிந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் அவனால் நடக்க முடியாது. அதற்குப் பிறகுதான் இவள் தன் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு லாயத்தைப் பார்த்துக்கொள்ள வந்தாள். காரணமில்லாமல் ஆளைத் தள்ளுகிற குதிரையை இனி வைத்திருக்கக் கூடாது என்று காப்பீட்டுக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்குக் காலையில லாரி வருது சார். போனா திரும்பி வராது. அண்ணன்தான் இன்னும், 'அது மேல தப்பில்ல'ன்னு ஒரே பல்லவி. பாசம் கண்ணை மறைக்குது, வேறென்ன?"

மருந்துக்கடைக்காரர் தடுப்பின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"ஒரே ஒரு தடவை ஏறிப் பாக்கறேம்மா."

"விழுந்து வெச்சீங்கன்னா உங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் விடவில்லை. வேலிக்குள்ளேயே சுற்றுவதாகவும், கடிவாளத்தை அவளே பிடித்துக்கொள்ளலாம் என்றும் கெஞ்சினார். கடைசியில் அவள் மனம் இளகிச் சேணம் பூட்டினாள்.

அவர் ஏறினார். உட்கார்ந்ததும் குனிந்து, குதிரையின் காதில் ஏதோ சொன்னார்; அவளுக்குக் கேட்கவில்லை. குதிரை, நிறைகுடம் சுமப்பதுபோல் அடிமேல் அடி வைத்து நடந்தது. காற்றில் லாயத்துக் கதவு படாரென்று அறைந்தபோதுகூட, காதை மட்டும் அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றில் அவள் தானாகவே கடிவாளத்தை விட்டுவிட்டாள். வேலியோரம் நின்ற ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் இறங்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் ஒதுக்கிய வாயில்லா ஜீவனுக்காக, எங்கிருந்தோ வந்த ஒருவர் தன் உயிரையும் பார்க்காமல் ஏறியிருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனாள்.

"உங்களை மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் சார் மழை பெய்யுது. கடவுள்தான் உங்களை இங்க அனுப்பியிருக்காரு," என்று கைகூப்பினாள்.

"கடவுள்தாம்மா அனுப்பினாரு. ஆனா என்னைக் கும்பிடாதீங்க." கூப்பிய கைகளை அவர் மெல்லப் பிரித்துவிட்டார். "உங்க அண்ணன்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் அந்தக் காப்பீட்டுக்காரங்ககிட்ட. எங்க வேணாலும் எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"என்னன்னு சார்?"

"போன வருஷம் அந்தச் சரிவுல உங்க அண்ணனுக்குப் பின்னாடி வந்தவன் நான்தான். நனைஞ்ச மழைக்கோட்டை இந்தக் குதிரைக்குப் பின்னால படபடன்னு உதறினதும் நான்தான்; எல்லாரும் இதைத் திட்டினப்போ வாயைத் திறக்காம நின்னதும் நான்தாம்மா."