ஆறாம் நம்பர் டப்பா

“யாராச்சும் தொட்டீங்கன்னா கை வெந்துடும், சொல்லிட்டேன்!” மண்டையோடு படம் ஒட்டிய டப்பாவை ஜூடி சமையலறைப் பரண்மேல் வைத்தாள்.

அம்மா பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். “துன்ற எடத்துல வெசத்த கொணாந்து வெச்சிகீறியேடி!”

விஷமாவது மண்ணாவது! ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜூஸ் பிழிந்து போட்ட கரும்புச் சக்கைதான். அம்மா குப்பை என்று கொட்டிவிடக் கூடாதே என்றுதான் அந்த மண்டையோடு.

சக்கையை நன்றாக அலசி, மைக்ரோவேவில் வேகவைத்து, காயவைத்துப் பொடித்தால் நார் இளகும். அதில் சிக்கிக் கிடக்கும் சர்க்கரையைக் கறந்து எரிபொருள் செய்யலாம் என்று உலகம் முழுக்க எழுதித் தள்ளுகிறார்கள். ஜூடிக்குத்தான் ஐந்து டப்பா போயும் சர்க்கரை வந்தபாடில்லை.

“திங்கட்கிழமை ஆறாவதும் ஊத்திக்கிச்சுன்னா, பிஎச்.டி.ய மறந்துடும்மா” என்று கைடு தேவப்பிரியம் கறாராகச் சொல்லிவிட்டார்.

தினமும் சக்கை சுமந்து வருவது, ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையரான அப்பா அருள்பிரகாசம். பாவம், ஜூஸ் கடையிலேயே நின்றாலும் ஒரு வாய் குடிக்க முடியாது. அவருக்கு சுகர் வந்த நாளிலிருந்து பிலோமி வீட்டில் இனிப்பு என்ற பேச்சே இல்லை. சட்டைப் பை, பீரோ, ஜெபப் புத்தகத்தின் உறை வரைக்கும் தினம் சோதனை நடக்கும்.

அப்படியும் சனிக்கிழமை டெஸ்டில் முந்நூற்றுப் பத்து!

“இன்னாத்த துன்னே? மெய்ய சொல்லு!”

“அந்தோணியார் சத்தியமா ஒண்ணியும் துன்ல பிலோமி. பொண்ணு பாஸாவணுமேன்ற கவலைதான் சுகரா ஏறிக்கினு கீது.”

ஜூடிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால் இந்த மனுஷன் உடம்பு கெடுகிறதே என்று அன்றிரவு சோறே இறங்கவில்லை.

திங்கட்கிழமை டப்பாவைத் திறக்கக்கூட பயந்து, அப்படியே கைடு கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் ஜெபமாலை உருட்டினாள்.

மத்தியானம் தேவப்பிரியம் ஓடி வந்தார். டெஸ்ட் ரிசல்ட் காகிதத்தை அவள் முன் நீட்டினார்.

“சர்க்கரை எண்பத்தெட்டு பர்சென்ட்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு நம்பரைப் பார்த்ததே இல்ல. மைக்ரோவேவ்ல எவ்வளவு நேரம் வெச்சே?”

“நாலு நிமிஷம், சார்.”

“நாலே நிமிஷமா! ஜப்பானுக்கு மெயில் போட்டாச்சும்மா. கான்ஃபரன்ஸ்ல நீதான் பேசறே!”

ஜூடிக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஒரே ஓட்டம். சமையலறையில் அருள்பிரகாசம் ஸ்டூல் மேல் ஏறி, பரணைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“நைனா, நீ கொணாந்த சக்கை ஜெயிச்சிடுச்சி! ஜப்பானுக்கே போவப் போறேன்!”

“ரொம்ப சந்தோசம் கண்ணு. டப்பா எங்க?”

“காலேஜ்ல மொத்தமா குடுத்துட்டேன், நைனா.”

அவர் முகம் தொங்கிப்போனது. பிலோமி கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். பிறகு ஸ்டூலிலிருந்து குனிந்து, பரிதாபமாகக் கேட்டார்.

“மேலாக்கத்தான்மா சக்கைத் தூளு... கீழ இருந்த நாட்டுச்சக்கரைல நைனாவுக்கு ஒரு ஸ்பூனாச்சும் மிச்சம் வெச்சிகீறியா?”