தூணோரம் ஒரு முகம்

“விலை கம்மின்னு பேர் தெரியாத வெளிநாட்டு மானிட்டரை வாங்கிட்டீங்களே, ரிப்பேரானா யார்கிட்ட போய் நிப்பீங்க?” என்றாள் மனைவி.

ஓய்வுபெற்ற தபால்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேசாக ஆடிய ஸ்டாண்டுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார்.

“பழைய மானிட்டருக்கு என்ன கேடு?”

“அதுல முகமெல்லாம் மங்கலாத் தெரியுது.”

“யார் முகம்?”

அவர் மழுப்புவதற்குள் போன் அடித்தது.

“ஸ்டுடியோக்காரரா? நெகட்டிவ்லேருந்து நீங்க எடுத்து அனுப்பின படம் வந்துருச்சு. அந்தம்மா முகம் மட்டும் தெளிவாத் தெரிஞ்சாப் போதும். பாத்து இருபது வருஷமாச்சே!”

அவளுக்குச் சுருக்கென்றது. “இந்த வயசுல யாருங்க அந்தம்மா?”

“இப்படி வந்து உட்காரு.”

திரையில் அவர்களுடைய கல்யாணப் படம் விரிந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு, பின்னாலிருந்த தூணைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். பாதி மறைந்து நின்று, கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

மனைவி எழுந்து நின்றுவிட்டாள். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிற அவளுடைய அம்மா. ஒரு படம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்த அம்மா.

“அம்மா முகம் ஞாபகத்துக்கே வர மாட்டேங்குதுன்னு போன மாசம் அழுதியே” என்றார் அவர்.

அவள் திரையருகே குனிந்தாள். “மோவாயில மச்சம் இருந்துச்சுங்க. அதைக்கூட மறந்துட்டேனே!” என்றவள், அந்த மச்சத்தை விரலால் தொட்டபடி சொன்னாள்: “கொஞ்ச நேரம் இதை அணைச்சிடாதீங்க.”