ராக்கியின் பயம்

"என்னங்க வேலை பாத்து வெச்சிருக்கீங்க? நான் கூப்பிட்டா கட்டிலுக்கடியில போய் நடுங்குதுங்க. எம்மேல உசுரா இருந்த நாய்ங்க அது."

தாமோதரன் இயந்திர நாயை மேஜைமேல் வைத்தார். செத்துப்போன ராக்கியின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் படமெடுத்து, அதே நரம்பு இணைப்புகளோடு கம்பெனி செய்து கொடுத்த நாய் அது. படத்துக்குப் படம் நரம்புகளைத் தொடர்ந்து போய்ப் பிழை திருத்துவது பிரமிளாவின் வேலை.

தாமோதரனின் குரலைக் கேட்டதும் தூண்டப்படும் நரம்பு எங்கே போகிறதென்று அவள் மறுபடி தொடர்ந்து வரைந்தாள். வழக்கப்படி கூட வேலை செய்யும் இன்னொருத்தியும் இவள் வரைந்ததைப் பார்க்காமல் தனியாக வரைந்தாள். இரண்டு கோடுகளும் அப்படியே பொருந்தி, பயத்துக்கான பகுதியில் போய் முடிந்தன.

"தப்பே இல்ல சார்," என்றாள் மேலாளர் லாரன்ஸிடம். "உயிரோட இருந்தப்பவும் அது அவருக்குப் பயந்துதான் கெடந்திருக்கு."

"அத அவர் மூஞ்சிக்கு நேரா நீ சொல்லுவியா? அந்த நரம்ப வெட்டி, வாலாட்டுற பக்கம் சேத்து விடும்மா."

"அப்புறம் அது ராக்கி இல்லையே சார்."

"அவருக்குத் தெரிஞ்ச ராக்கி அதுதான்."

பிரமிளா வெட்டிச் சேர்த்தாள்.

தாமோதரன் கூப்பிட்டதும் ராக்கி பாய்ந்து வந்தது. "பாத்தீங்களா, இதுதாங்க என் ராக்கி!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ராக்கி சந்தோஷத்தில் மேலே தாவியதில் அவருடைய சட்டைப் பை கிழிந்தது.

"சனியனே!" என்று இடுப்பு பெல்ட்டை உருவி விளாசினார்.

ராக்கி வலியில் கத்தியது. வாலை ஆட்டிக்கொண்டே இன்னும் பக்கத்தில் வந்து நின்றது.