பின்னால் நிற்பவள் சொல்வாள்

பூமாரியின் மகன் காலில் சிவப்புச் செருப்பு.

நடையே வராத பிள்ளைக்கு எதற்குச் செருப்பு என்று பேராச்சி முனகிக்கொண்டாள். ஆனால் கண் அதைவிட்டு நகரமாட்டேன் என்றது. மெல்லிசான தோலில் கையால் தைத்தது. குதிகாலில் சின்னதாக ஒரு பூ வேறு.

யார் தைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. பூமாரியே சொல்லிவிடுவாள், அவுக தைத்தது என்று. தலையில் இருக்கிற பூ அவுக வாங்கி வந்தது. பிள்ளை அவுக நெஞ்சில் போட்டுக்கொண்டால்தான் தூங்கும். வாரா வாரம் பால் வரிசையில் இந்த அவுக புராணத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த ஆள் தினமும் வீட்டுக்கு வருகிறவன்கூட இல்லை. தோல் ஏற்றும் லாரியோடு புனே பக்கம் போய்விடுவானாம். வாரத்தில் பாதி நாள்தான் கும்பார்வாடாவில் பூமாரி வீட்டில் இருப்பானாம். பாதி நாளுக்கே இந்தக் கொடுப்பினையா என்று பேராச்சிக்கு வயிறு எரிந்தது.

பேராச்சியின் வீட்டுக்காரனும் தாராவியில் தோல் ஷெட்டுக்குத்தான் போகிறான். ஒரு செருப்பு வார்த் துண்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை. பாதி நாள் நைட் டூட்டி. மீதி நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். மகளைத் தூக்கினால் சட்டை அழுக்காகிவிடும்.

போதாததற்கு இந்தப் பூமாரி முதல் நாளிலிருந்தே அவளை யக்கா என்கிறாள். நாலு வயசுகூட மூப்பு இருக்காது. உடம்பு வற்றிப்போனவளுக்கு அக்கா பட்டம் தானாக வந்துவிடும்போல.

வரிசை நகர்ந்தது.

மாதா கோயில் காம்பவுண்டில் அமெரிக்காச் சங்கத்து ஜீப் நின்றது. துரைசாணி பிள்ளைகளைத் தராசில் வைத்து எடை பார்ப்பாள். பக்கத்தில் மாட்டுங்காவிலிருந்து வரும் ராஜலக்ஷ்மியம்மா, துரைசாணியின் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வாள். கடைசியில் ஒரு டின் பால் பவுடர்.

இந்த வாரம் புதுச் சட்டம். ஒரே குடும்பத்துக்கு இரண்டு டின் போகிறதாம். அதனால் பிள்ளையின் தகப்பன் பேரைச் சொல்ல வேண்டும். ஒரு தகப்பனுக்கு ஒரு டின்.

முதலில் நின்றவள் வாயையே திறக்கவில்லை. இரண்டாவது ஆளும் அப்படித்தான். துரைசாணி கையை விரித்தாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதை இங்கிலீஷில் சொல்ல ராஜலக்ஷ்மியம்மா திணறிப்போனாள். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, இதோ நான் சொல்லலையா, என் ஆத்துக்காரர் பேர் வேங்கடசுப்ரமணியன் என்று சொல்லியும் காட்டினாள். அத்தனை நீளப் பேரைச் சொன்னால் அவர் ஆயுசில் என்ன மிஞ்சும் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது.

கடைசியில் பெண்களே வழி கண்டுபிடித்தார்கள். முன்னால் நிற்பவள் ஜாடை சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவள் பேரைச் சொல்ல வேண்டும்.

அதில் பூமாரி கெட்டிக்காரி. ஏழுமலையான் என்று ஒருத்தி ஆரம்பிப்பதற்குள் வெங்கடாசலம் என்று எட்டிப்பார்த்துச் சொன்னாள். யார் ஜாடை சொன்னாலும் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அதையும் பேராச்சியால் தாங்க முடியவில்லை. இப்போது பின்னால் நிற்பவள் அவள்தான், அவளிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்காமலும் முடியாது. பேராச்சிக்குப் பால் வற்றி ஒரு மாசம் ஆகிறது. மகள் தராசில் ஏறியதும் துரைசாணி முகம் சுண்டிவிட்டது. டின் இல்லையென்றால் கஞ்சித் தண்ணிதான்.

பேராச்சி திரும்பாமலே ஜாடை சொன்னாள். ஊர்க்காட்டில் நிற்கிற சாமி. மாடனுக்கு முன்னால் வருகிற பேர், சுடலை இல்லை.

பூமாரி களுக்கென்று சிரித்தாள்.

“போங்க யக்கா. அந்தப் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? எங்க அவுக பேரும் அதாம்லா.”

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ராஜலக்ஷ்மியம்மாவுக்கே சிரிப்பு வந்தது.

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். கண் பிள்ளையின் காலுக்குத்தான் போனது.

போன வாரம் அவள் புருஷன் சோறு பிசைந்தபோது நகக்கண்ணெல்லாம் சிவப்பு. என்ன சாயம் என்று கேட்டாள். நைட் டூட்டிச் சாயம், கழுவினாலும் போகாது என்றான்.

அதே சிவப்பு.

பூமாரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பேராச்சியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் ஆயுசு குறைந்தால் குறையட்டும், தனக்கும் பூமாரிக்கும் சேர்ந்துதானே குறையும் என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் வராத பேர், எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

“தளவாய். தோல் ஷெட்டு தளவாய். இவ பிள்ளைக்கும் அதே தளவாய்தான், எழுதிக்கிடுங்க.”

ராஜலக்ஷ்மியம்மாவின் பேனா நின்றது. பிறகு மெல்ல இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். துரைசாணி இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வருத்தமாகச் சிரித்து, ஒற்றை விரலைக் காட்டினாள்.

ஒரு டின்.

பேராச்சி அதை வாங்கி இடுப்பில் மகளோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். பூமாரியின் பார்வை டின்னில் இல்லை. பேராச்சி மகளின் முகத்தில் அவன் ஜாடையைத் தேடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டது தெரிந்தது.

“யக்கா” என்றாள்.

பேராச்சிக்கு அது இன்றைக்குக் குத்தவில்லை. மூத்தாளை இளையாள் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.