மைத்துனன் சொல்லும் சாட்சி

காலை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். என் மனைவியின் தம்பி சபையின் முன்னால் நிற்கிறான். ஏழு மாதத்துக்கு முன் குடித்துவிட்டுக் காரை ஓட்டியவன் இவன். பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள். அவளை அடக்கம் செய்த அன்று கல்லறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாகிற வரைக்கும் இதைச் சுமப்பேன் அத்தான்" என்று அழுதான். நானும் நம்பினேன். இப்போது ஜன்னல் வெயில் அவனது புதுச்சட்டையின் மடிப்புக் கோடுகளில் விழுகிறது. "என் பாரத்தைக் கர்த்தர் இறக்கிட்டார்," என்கிறான். சபை கைதட்டுகிறது. அக்கா என்ற சொல் அவன் வாயில் ஒரு முறைகூட வரவில்லை. மாமியார் என்னை முழங்கையால் இடிக்கிறார். "ஆமென் சொல்லுங்க மாப்ள. எல்லாரும் பாக்குறாங்க." "உங்களுக்கு மனசு ஆறிடுச்சா அத்தை?" "எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தானே," என்று சொல்லிக்கொண்டே அவரும் கைதட்டுகிறார். கன்னத்தில் வழிவதைத் துடைக்கவில்லை. அவன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வருகிறான். முகம் குளித்து வந்ததுபோல் தெளிந்திருக்கிறது. கைகளை விரிக்கிறான். "மன்னிச்சதைக் கர்த்தர் மறுபடி நினைக்கவே மாட்டாராம் அத்தான். அடியோட மறந்துடுவாராம்." நான் எழுந்திருக்கவில்லை. "உன் அக்காவையுமாடா?" என்கிறேன்.